மக்கள்தொகை ஒன்று

எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடும் ஒரு நாடு. வாசல் கேட்டுதான் எல்லை. தெரு பொதுக்கடல். பால்காரருக்கும் கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவருக்கும் எல்லா நாடுகளிலும் நுழைவு உண்டு. பூனைகளுக்கு அது தேவைப்படுவதில்லை.

வெளிநாட்டில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு, நான் பாளையங்கோட்டைக்குத் திரும்பி இந்த வீட்டை வாங்கினேன். குடிநீர் இணைப்பு கேட்டபோது நாட்டு அங்கீகாரத்தையும் சேர்த்தே கொடுத்தார்கள். பார்க்க வந்தவர் கூடத்தில் நின்றபடியே எத்தனை பேர் என்று கேட்டார். நான் ஒருத்தன்தான் என்றேன். "மக்கள்தொகை ஒன்று," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். கொடி உண்டா என்றார். மொட்டைமாடியில் ஒரு நீலத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்துவிட்டு அதுவே போதும் என்றார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அத்தோடு என் வீடு ஒரு தேசமாயிற்று.

சின்ன தேசம். படை கிடையாது. எதிர்வீட்டுத் தங்கபுஷ்பம் அக்காவுக்குக் காலையில் ஒரு கும்பிடு, சாயங்காலம் ஒரு சிரிப்பு. என் வெளியுறவுக் கொள்கை அவ்வளவுதான். அவர்கள் நாடு பெரியது. வெளியுறவு, உள்துறை, உளவு எல்லாம் தங்கபுஷ்பம் அக்காதான். அவர் வீட்டுக்காரர் தேவசகாயம் அண்ணாச்சி ஜனாதிபதி. காது கொஞ்சம் மந்தம். பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, அக்கா நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரி இருக்கிறது. அங்கே பன்னாட்டு உறவும் உளவும் ஒரு பட்டப்படிப்பு. கடைசி வருஷப் பிள்ளைகள் ஏதாவது ஒரு நாட்டில் பயிற்சி எடுத்தாக வேண்டும். அதனால் புரட்டாசி பிறந்துவிட்டால் தெருவில் கூட்டம்தான். கையில் ஃபைலோடு ஒவ்வொரு வீட்டு கேட்டிலும் நின்று, "ஒங்க நாட்டுல இன்டர்ன்ஷிப் இருக்கா?" என்று கேட்பார்கள். இல்லையென்று சொல்கிற நாடும் மோர் கொடுத்துத்தான் அனுப்பும்.

தெருமுனையில் மண்டிக்காரர் வீடு. ஒரே கூரையின் கீழ் மூன்று மருமகள்கள், மூன்று அடுப்பு; கூட்டாட்சி. அங்கே பயிற்சி எடுத்தவர்களுக்கு எந்தத் தூதரகத்திலும் வேலை நிச்சயம் என்பார்கள். ஆனால் சிபாரிசு இல்லாமல் நுழைய முடியாது. பெண் பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகளில் உளவுக்கு எப்போதும் ஆள் தேவை. புதுக் கார் வாங்கிய வீட்டின் எதிர்வீட்டிலும் தேவை.

கடைசி வருஷப் பிள்ளைகள் விடுதியில்தான் தங்க வேண்டும். பயிற்சி முடிக்காதவர்களுக்குச் சொந்த வீடே விசா கொடுக்காது. கொடுமை என்று யாரும் சொல்ல முடியாது. உளவு படித்த பிள்ளையை ஒரு நாட்டின் கையெழுத்துக்கூட இல்லாமல் உள்ளே விட்டால், மற்ற வீடுகள் அந்த வீட்டை எப்படி நம்பும்? போன வருஷம் இடம் கிடைக்காத பெண் ஒருத்தி இன்னும் பஸ் நிறுத்தத்தில்தான் இருக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். வேளாவேளைக்கு அவள் வீட்டுக்கு முன்னால் வந்து நின்றால், அம்மா தூக்குச்சட்டியைக் கேட்டுக்கு மேலாக நீட்டுவார்.

இசக்கிப்ரியா தாமதமாக வந்தாள். எல்லாரும் இடம் தேடிய நாட்களில் அவளுக்கு அம்மை போட்டிருந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி எழுந்து வந்தபோது தெருவில் எல்லா இடமும் நிரம்பிவிட்டது. கடைசியாக என் கேட்டில் நின்றாள்.

"சார், ஒங்க வெளியுறவுல எதாவது இருக்கா?"

"எனக்கே அங்க வேலை பத்தலம்மா," என்றேன்.

அவள் போகவில்லை. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எங்க அக்கா முழுகாம இருக்கா சார். நாளு நெருங்கிட்டு. பிள்ளைக்கு நாந்தான் சேனை வைக்கணும்னு சொல்லிட்டா," என்றாள்.

சேனை என்பது பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகத் தொட்டு வைக்கிற சீனித்தண்ணீர். வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். இசக்கியின் வீட்டில் குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வீட்டுக்குள் வைத்துத்தான் கொடுப்பது வழக்கம். விசா இல்லாவிட்டால் அவள் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். தூக்குச்சட்டியை நீட்டலாம். குழந்தையின் நாக்கை நீட்ட முடியாது.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு அவளை எதிர்வீட்டுக்கு அழைத்துப் போனேன். தங்கபுஷ்பம் அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எல்லாம் போச்சே தம்பி. வர்த்தகம் போச்சு. பண்பாட்டுக்கு நேத்துதான் ஒரு பிள்ள வந்து சேந்துச்சு. உளவுல மட்டும் ஒரு எடம் கெடக்கு. யாரும் ஏறிட்டுப் பாக்கல."

"யாரை உளவு பாக்கணும்?" என்றேன்.

"ஒங்களத்தான்."

"ஏன் யாரும் வரல?"

"என்னத்தப் பாக்க? எந்திக்கிய, திங்கிய, தூங்குதிய. சண்ட போட ஆளு இல்ல. வாரவுக போறவுக கெடையாது." கீரைக் காம்பைக் கிள்ளிப் போட்டார். "தப்பா எடுத்துக்கிடாதிய."

தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. எங்கள் தெருவில் ரகசியம் என்றால் இரண்டு பேர் குரலைத் தாழ்த்திப் பேசுவது. குரலைத் தாழ்த்த எனக்கு எதிரே யாரும் இல்லை.

"நான் எடுத்துக்கிடுதேன் ஆன்ட்டி," என்றாள் இசக்கி.

"நல்லா யோசிச்சுக்கட்டி. ரகசியம் ஒண்ணு கொண்டு வந்தாத்தான் அண்ணாச்சி கையெழுத்துப் போடுவாரு. அந்த நாடு தானா வெளிய சொல்லாத விஷயமா இருக்கணும். காலேஜ்ல இருந்து அமலோற்பவம் மேடம் வந்து கேப்பாக. அவுககிட்ட நம்ம ஜம்பம் சாயாது."

மறுநாள் காலையில் இசக்கி ஒரு சீப்பு நாட்டு வாழைப்பழத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். உளவு பார்க்க வருகிறவர்கள் முதலில் சம்பந்தப்பட்ட வீட்டில் சொல்லிக்கொள்ள வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் ஒளிந்து பார்ப்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை.

"சார், இன்னையிலேருந்து ஒங்கள உளவு பாக்கேன்."

"ரொம்ப சந்தோஷம்மா. உக்கார என்ன வேணும்?"

ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டாள். பக்கவாட்டு ஜன்னலுக்கு வெளியே, கொய்யா மரத்தடியில் போட்டுக் கொடுத்தேன். திரைச்சீலையைக் கழற்றி மடித்து வைத்தேன். வெயில் ஏறும்போது ஒரு சொம்பு தண்ணீர் வைப்பேன். அதையும் அவள் எழுதிக்கொள்வாள்.

அறிக்கை தினமும் சாயங்காலம் எதிர்வீட்டு மாடியில் வாசிக்கப்படும். ஜனாதிபதிக்குக் கேட்க வேண்டும் என்பதால் தங்கபுஷ்பம் அக்கா தெருவுக்கே கேட்கிறாற்போல வாசிப்பார். நான் என் கூடத்தில் உட்கார்ந்து கேட்பேன்.

"'காலையில் எழுந்தார். ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்தார். காப்பி போட்டார். குடிக்க மறந்துவிட்டார். ஆறிய பிறகு குடித்தார்.'"

"யாரு ஆறிட்டா?" என்பார் அண்ணாச்சி.

"காப்பி! காப்பி ஆறிட்டு!"

"யாருக்கு?"

"எதுத்த நாட்டுக்கு!"

"பாவம்," என்பார் அண்ணாச்சி.

நான் இதற்கு முன் இருந்த ஊர்களைக் குறை சொல்ல மாட்டேன். குழாயில் வெந்நீர் வரும். ஒரு குளிர்காலம் முழுக்கக் காய்ச்சலோடு வேலைக்குப் போய்வந்தேன். லிஃப்டில் கூட வருகிறவர் நல்ல நாள் என்பார், நானும் நல்ல நாள் என்பேன், கதவு திறந்துகொள்ளும். அங்கே நான் என்ன சாப்பிட்டேன் என்று யாரும் யாருக்கும் வாசித்துக் காட்டியதில்லை. இங்கே ஒருநாள், "'மத்தியான மாத்திரையைப் போடவில்லை. டப்பாவைத் திறந்து பார்த்தார். போட்டுவிட்டதாக நினைத்து மூடிவிட்டார்,'" என்று அக்கா வாசித்தபோது, நான் எழுந்து போய் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். திரும்ப வந்து உட்கார்ந்தேன். எனக்காக ஒரு நாடு தன் உளவுத்துறையைச் செலவழிக்கிறது. கையைக் கூப்பலாம் போலிருந்தது. ஆனால் உளவு பார்க்கப்படுகிற நாடு கையைக் கூப்புவது வழக்கமில்லை.

அறிக்கையைப் பொறுத்து உதவிகளும் வந்தன. ரசத்தை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டார் என்று வாசிக்கப்பட்ட மறுநாள், அண்ணாச்சியின் கையெழுத்தோடு ஒரு டிபன் கேரியர் வந்தது. சோறு, தேங்காய்ப்பால் சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்குக் காரக்கறி. வெளிநாட்டு உதவியை ஏற்பதற்கு மந்திரிசபை கூடியாக வேண்டும். நான் வாஷ்பேசின் கண்ணாடி முன் நின்று யாருக்கும் ஆட்சேபணை உண்டா என்று கேட்டேன். இல்லை. சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டேன்.

இவ்வளவு இருந்தும் ரகசியம் மட்டும் அகப்படவில்லை. "இதெல்லாம் செய்திட்டி. ரகசியம் எங்க?" என்று அக்கா ஒவ்வொரு நாளும் முடிப்பார். இசக்கி தலையைக் குனிந்துகொண்டு படியிறங்குவாள்.

மண்டிக்காரர் வீட்டில் பயிற்சி எடுக்கும் ஷெர்லின் அவள் வகுப்புத் தோழி. மத்தியானங்களில் என் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக வந்து நிற்பாள்.

"ஏட்டி இசக்கி, ஒன் நாடு இன்னைக்குப் பல்லு வெளக்கிட்டா?"

"வெளக்கிட்டு. ஒன் நாட்டுல என்ன?"

"ரெண்டாவது மருமக மிக்ஸியத் தூக்கி பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டிட்டா. மூத்தவ அம்மியக் கழுவுதா. எனக்கு எழுதிக் கை வலிக்கு."

"கொடுத்து வச்சவ."

"ஒன் ஆளு எதாவது ஒளிச்சு கிளிச்சு வைக்கமாட்டாராட்டி?"

"நல்ல மனுஷன்டி. அதான் கஷ்டம்."

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் பூண்டு உரித்துக்கொண்டிருந்த எனக்கு மனசு கேட்கவில்லை. வந்த பிள்ளைக்கு ஒரு ரகசியம்கூட எடுத்துக் கொடுக்க முடியாத நாடு என்ன நாடு? அன்று மாலை அவளிடம், சின்ன வயதில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், எழுதிக்கொள் என்றேன்.

"நீங்களே சொன்னா அது அறிவிப்பு சார்," என்றாள். "உளவுல சேராது."

அதன்பிறகு ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொய்யா மரத்தடியில் புதைத்தேன். மறுநாள் அவள் அதைத் தோண்டி எடுத்து, கழுவித் துடைத்து, ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தாள். "மண்ணு ஈரமா இருக்கு சார். எனக்காகப் புதைச்சது எனக்கு ஆகாது." அடுத்து ஒரு அலமாரியைப் பூட்டினேன். அவள் அந்தப் பக்கம் பார்த்தால் பதறினேன். அதுவும் சாயங்காலம் மாடியிலிருந்து கேட்டது.

"'இன்று அவர் எனக்காக ஒரு அலமாரியைப் பூட்டிவைத்துப் பதற்றமாக இருப்பதுபோல நடித்தார். நடிப்பு வரவில்லை.'"

"யாரு நாடகத்துல நடிக்கா?" என்றார் அண்ணாச்சி.

"எதுத்த நாடு! வரலியாம்!"

"போகப் போக வரும்," என்றார்.

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. மேடம் வருவதற்கு முந்தின நாள் கொய்யா மரத்தடியில் கணுக்கால் தண்ணீர் நின்றது. நான் இசக்கியை உள்ளே கூப்பிட்டேன். உளவு பார்க்கிறவர் வீட்டுக்குள் வந்துவிட்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். திருப்பாவிட்டால் அவர் விருந்தாளி ஆகிவிடுவார். விருந்தாளி அறிக்கை எழுதக்கூடாது. அவள் நாற்காலியைக் கூடத்துச் சுவரைப் பார்க்கப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, கூடத்துக்கும் அடுக்களைக்குமாக என் வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் திரும்பாமலே கேட்டாள். "சார், நீங்க இப்ப எங்க இருக்கிய?"

"அடுக்களையில."

சற்றுக் கழித்து, "இப்ப?"

"கூடத்துக்கு வந்திருக்கேன்."

"சரி சார். நீங்க பாட்டுக்கு இருங்க."

இப்படிப் பல தடவை கேட்டாள். பாடத்தில் இருக்கும் போல என்று நானும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் அவள் ஃபோன் அடித்தது. அம்மா. பேசிவிட்டு வைத்தாள்.

"அக்காவுக்கு வலி கண்டுட்டாம் சார்."

"நீ போம்மா."

"போயி? கேட்டுக்கு வெளியதான் நிக்கணும்." சுவரையே பார்த்தபடி இருந்தாள். "நீங்க அடுக்களைக்குப் போங்க சார். விசில் வரப்போகுது."

மறுநாள் மழை விட்டிருந்தது. அமலோற்பவம் மேடம் ஆட்டோவில் வந்து இறங்கினார். குள்ளமான உருவம், தடித்த கண்ணாடி, கையில் குடை. தேர்வு நடுநிலையான இடத்தில் நடக்க வேண்டும் என்பதால் தெருவின் நடுவில் நாற்காலி போட்டிருந்தோம். லோடு ஆட்டோக்கள் எங்களைச் சுற்றிப் போயின. எந்த நாட்டுக் காப்பியும் குடிக்கக்கூடாது என்று மேடம் சைக்கிள் டீக்காரரை நிறுத்தி ஒரு டீ வாங்கிக்கொண்டார். அண்ணாச்சி பேப்பரோடு வந்து உட்கார்ந்தார். நான் என் கேட்டுக்கு உள்ளே நின்றேன்.

"எந்த நாடு?" என்றார் மேடம்.

"இந்தா இந்த வீடு மேடம். மக்கள்தொகை ஒன்று," என்றாள் இசக்கி. அவள் கையில் ஃபோன் இருந்தது. விடியற்காலையில் சுகப்பிரசவத்தில் பெண் குழந்தை பிறந்து, மத்தியானம் வீட்டுக்கு வருவதாகச் செய்தி.

"ரகசியம்?"

இசக்கி ஒருமுறை என்னைப் பார்த்தாள்.

"அது ஒரு நாடு இல்ல மேடம். ரெண்டு நாடு."

மேடம் டீயை ஊதினார். "எல்லை எங்க?"

"கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவுல. நிலைப்படியில."

"ஆதாரம்?"

"கூடத்துல செருப்புப் போட்டு நடக்காரு. நிலைப்படியில கழத்திட்டு அடுக்களைக்குள்ள வெறுங்காலோட போறாரு. திரும்பி வரையில மாட்டிக்கிடுதாரு. ஒரு தடவகூட மறக்கல."

"செருப்பு போதாது."

"கூடத்துல நாற்காலியில இடிச்சிக்கிட்டா நாற்காலிகிட்ட ஸாரி சொல்லுதாரு. அடுக்களையில இடிச்சிக்கிட்டா 'அம்மா'ங்காரு."

"பழக்கமா இருக்கலாம். வேற?"

இசக்கி மூச்சை இழுத்துக்கொண்டாள். "குக்கர் மேடம். அடுக்களையில நிக்கையில விசில ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுதாரு. நடுவுல கூடத்துக்கு வந்துட்டா அடுத்த விசில இங்கிலீஷ்ல 'ஒன்'னுங்காரு. மறுபடி அடுக்களைக்குப் போனா திரும்பவும் ஒண்ணுலருந்து. இந்த நாட்டுக் கணக்க அந்த நாடு ஏத்துக்கிட மாட்டேங்கு. அதனாலதான் தெனமும் சோறு கொழஞ்சு போவுது."

"ஐயோ!" என்றார் தங்கபுஷ்பம் அக்கா. "அவருக்குக் கொழஞ்சாத்தான் பிடிக்கும்னுலா நெனச்சேன்! போன வாரம் நானும் கொழையலா வடிச்சு அனுப்புனேன்!"

"சொதிக்கு நல்லாத்தான் இருந்துது," என்றேன்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "கோமதிநாயகம், இது ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"அப்ப பாத்துருவோம்," என்று டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

கேட்டில் நின்று முறைப்படி அனுமதி கேட்டார்கள். கொடுத்தேன். மேடம் குடையை ஊன்றி நிலைப்படிக்குப் பக்கத்தில் நின்றார். அக்கா அரிசி களைந்து கொடுத்தார். நான் குக்கரை ஏற்றினேன். இசக்கி கூடத்து மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்போது வீட்டில் ஓர் ஒற்றருக்கு மேல் இருந்ததால் எல்லாரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து நின்றார்கள். மேடம் மட்டும் என்னைப் பார்த்தார்.

நான் பயந்தேன். தெரியாதவரைக்கும் அது தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. இப்போது தெரிந்துவிட்டது. கவனமாக இருந்தால் எண்ணிக்கை தொடர்ந்து வந்துவிடும். இசக்கி தன் வீட்டு வாசலிலேயே நிற்பாள். அவளுக்காக வேண்டுமென்றே மாற்றிச் சொன்னால் அது நடிப்பு. எனக்கு நடிப்பு வராது என்பது தெருவுக்கே வாசிக்கப்பட்ட விஷயம். அரிசி கொதிக்கும் சத்தத்தைத் தவிர வேறு எதையும் நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். அவ்வளவு கஷ்டமான வேலையை வெளியில் இருந்த வருஷங்களில்கூட நான் பார்த்ததில்லை.

விசில் வந்தது.

"ஒண்ணு," என்றேன்.

மேடம் தலையை அசைத்தார். "கூடத்துக்கு வாங்க."

நிலைப்படியில் என் கால் தானாகச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டது. கூடத்தில் நின்றேன். இசக்கியின் தோள்பட்டை விறைத்திருந்தது. அவள் ஃபோன் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. அண்ணாச்சி சுவரைப் பார்த்தபடி, "சோறு ஆயிட்டா?" என்றார். அக்கா அவர் கையைத் தட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பிலேயே அடுத்த விசில் வந்தது.

"ஒன்," என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.

மேடம் குடையால் நிலைப்படியை லேசாகத் தட்டினார். "சரியா இருக்கு. நாட்டுக்கே தெரியாதது. உளவுல இதுக்கு மேல கேக்க முடியாது."

அக்கா காகிதத்தை நீட்ட, தேவசகாயம் அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "ரெண்டு நாடுன்னா காலையில நமக்கு ரெண்டு கும்பிடா?" என்று கேட்டார்.

"ஆமா, ரெண்டு கும்பிடு," என்றார் அக்கா.

"நல்லது."

எனக்கும் ஒரு கேள்வி இருந்தது. "மேடம், அப்ப நான் எந்த நாட்டுக்காரன்?"

"ரெண்டுக்கும் நடுவுல போக வர இருக்கிற ஆளு," என்றார். "அதுல தப்பு இல்ல. விசா மட்டும் எடுத்துக்கோங்க. இவ்வளவு நாளா இல்லாமப் போயிட்டு வந்திருக்கீங்க."

இசக்கி அதற்குள் கேட்டைத் தாண்டியிருந்தாள். ஓடினாள். தெருமுனையில் ஷெர்லின் ஏதோ கேட்டதற்கு, "ரெண்டுட்டி! ரெண்டு!" என்று விரலைக் காட்டியபடியே ஓடினாள். அக்கா கொண்டுவந்த துவையலோடு குழைந்த சோற்றை நாங்கள் பகிர்ந்துகொண்டோம். மேடம் மட்டும் சாப்பிடவில்லை. தேர்வு முடிந்தாலும் நடுநிலை முடியாது என்றார். ஆனால் துவையல் வாசனை நன்றாக இருக்கிறது என்று சொன்னார்.

மாலையில் ஃபோன் வந்தது. "சார், வச்சிட்டேன். நாக்க நீட்டி வாங்கிக்கிட்டா. இன்னும் கேட்டா சார்."

"உன் குணம்தான் வரப்போகுது."

"அய்யய்யோ, எல்லாரையும் மொறச்சு மொறச்சுப் பாக்கா சார்," என்றாள்.

அதன்பிறகு என் நாட்கள் ஒழுங்கானவை. அடுக்களைக்குப் போகும்போது காரணத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். காப்பி போட, கத்தரிக்காய் நறுக்க, சும்மா பார்த்துவிட்டு வர. அடுக்களை ஒருமுறையும் விசா மறுத்ததில்லை. ஒரு நாட்டின் விசில் கணக்கை மற்ற நாடு ஏற்றுக்கொள்வது பற்றிப் பேச்சுவார்த்தை நடக்கிறது. அவசரம் இல்லை, குழைந்த சோற்றுக்கு எதிர்வீட்டு நாட்டிலும் பழகிவிட்டார்கள். வருகிற வருஷம் என்னிடம் பயிற்சிக்கு இடம் இருக்கிறது என்று கல்லூரிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இத்தனை வயதுக்குப் பிறகு ஒரு மனிதனைப் பற்றி அவனுக்கே தெரியாத ஒன்றைக் கண்டுபிடிக்க ஒரு பிள்ளை மழையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அதை நினைக்காமல் நான் நிலைப்படியைத் தாண்டுவதில்லை.

நாற்பது நாள் தீட்டு கழிந்ததும் இசக்கி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உண்மையிலேயே அது முறைத்துப் பார்த்தது. அடுக்களையில் எனக்குக் காப்பி போட வேண்டியிருந்ததால் அவர்களும் விசா வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். அப்போது வாசலில் ஒரு லாரி நின்றது. இரண்டு ஆட்கள் நனைந்த தார்ப்பாயில் சுருட்டிய ஒன்றைத் தோளில் தூக்கி வந்தார்கள். கூடம் முழுக்க உப்புத்தண்ணீர் சொட்டியது.

"சார், புது நாட்டுக்குக் கடல் வந்திருக்கு. தெருப்பக்கம் வாசல் இல்லாத நாட்டுக்குக் குடுக்கது. எங்கன எறக்க?"

அடுப்பு மேடைக்குக் கீழே காட்டினேன். வெங்காயக் கூடையை நகர்த்திக் கொடுத்தேன். அவர்கள் முட்டிபோட்டு விரித்து, ஓரங்களைச் சுவரோடு இழுத்துவிட்டார்கள். அலை சின்னதுதான். ஒன்று வந்து என் கால்விரல்களை நனைத்துவிட்டுப் போனது. இசக்கி குனிந்து குழந்தையின் பாதத்தை ஒருமுறை அதில் நனைத்து எடுத்தாள். குழந்தை முறைப்பதை நிறுத்தியது.

புறப்படும்போது பெரியவராக இருந்த ஆள், பௌர்ணமியன்று மட்டும் அரிசி டப்பாவை மேல்தட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னார். வைத்துக்கொள்கிறேன் என்றேன்.